குடியைத் தடுக்கும் மாத்திரை
(இளம் அறிவியல் - வேதியியல், இரண்டாம் ஆண்டு)

ஆண்டு மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு எங்கள் துறைப் பேராசிரியர் பணித்தபோது, விண்வெளியைப் பற்றியோ நானோ துகள்களைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்தால் அவை நிரம்பவே இருக்கின்றன. என் வீட்டு அடுக்களை வரை வந்துவிட்ட ஒரு வேதிப்பொருளை விட்டுவிட்டு விண்வெளிக்குப் போவானேன் என்று பிறகு தோன்றியது. ஆகவே டைசல்ஃபிராம் என்னும் மருந்தைப் பற்றி எழுதுகிறேன். பெயர் புதிதாக இருக்கலாம். 'குடியை மறக்கடிக்கும் மாத்திரை' என்றால் நம்மில் பலர் வீட்டில் தெரியும். அந்தப் பெயர் தவறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாத்திரை எதையும் மறக்கடிப்பதில்லை. அது வேலை செய்ய வேண்டுமானால், விழுங்கியவர் அதை விழுங்கியதை மறக்காமல் இருக்க வேண்டும்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. நாங்கள் முதலாண்டில் சேர்ந்த சமயம் அது. ஆல்கஹால்கள் பாடம் வந்தபோது பேராசிரியர் அதைச் சொல்லிக் கரும்பலகையில் ஓர் ஏணி வரைந்தார். மேற்படியில் மெத்தனால், நடுப்படியில் ஃபார்மால்டிஹைடு, கீழ்ப்படியில் ஃபார்மிக் அமிலம். பார்வையைப் பறிப்பதும் உயிரைக் குடிப்பதும் பெரும்பாலும் அந்தக் கீழ்ப்படிதான் என்றார். பக்கத்திலேயே இன்னோர் ஏணி வரைந்தார். எத்தனால், அசிட்டால்டிஹைடு, அசிட்டிக் அமிலம். "இரண்டு ஏணியிலும் முதல் படியிலிருந்து இறக்கிவிடும் ஆள் ஒருவனே" என்றார்.

நான் எழுந்து, "நடுப்படியிலேயே நிறுத்திவிட்டால் என்ன ஆகும், ஐயா?" என்று கேட்டேன். வகுப்பில் நான் கேட்ட முதல் கேள்வி அது. அவர் டைசல்ஃபிராமின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அதற்கு முன்பே நான் ஒரு மாத்திரை அட்டையில் படித்திருந்தேன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

ஓரிணைய ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்தால் ஆல்டிஹைடும், மேலும் செய்தால் கார்பாக்சிலிக் அமிலமும் கிடைக்கும் என்பது நாம் அறிந்ததே. ஆய்வகத்தில் இதற்கு அமிலம் சேர்த்த பொட்டாசியம் டைகுரோமேட்டை ஊற்றிக் காய்ச்சுகிறோம். ஆரஞ்சு நிறம் பச்சையாகிறது. நம் கல்லீரல் இதே வேலையைக் காய்ச்சாமல், 37 பாகை வெப்பத்தில், ஓசையின்றிச் செய்கிறது. அதற்கு இரண்டு நொதிகள் உள்ளன. ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்பது எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்றும். ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் என்பது அந்த அசிட்டால்டிஹைடை உடனே அசிட்டிக் அமிலமாக்கிவிடும். அசிட்டிக் அமிலம் சாதுவான பொருள், வினிகரில் இருப்பதுதான். கடைசியில் அது கார்பன் டை ஆக்சைடும் நீருமாய் வெளியேறும்.

ஆனால் நடுவில் வரும் அசிட்டால்டிஹைடு சாதுவன்று. டாலன்ஸ் வினைப்பொருளோடு வெள்ளி ஆடி தருவது என்று நாம் அதை மெச்சிக்கொள்கிறோம். அது சுமார் 21 பாகையிலேயே கொதிக்கும். எங்கள் ஊர் வெயிலுக்கு அது ஆண்டு முழுவதும் ஆவியாகத்தான் இருக்கும். புட்டியைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும். அத்தகைய பொருள் இரத்தத்தில் ஓடினால் எப்படி இருக்கும்? இரண்டாம் நொதி விரைந்து செயல்படுவதால்தான் குடிப்பவர் இரத்தத்தில் அது சேர்வதில்லை.

டைசல்ஃபிராம் இந்த இரண்டாம் நொதியைக் கட்டிப்போடுகிறது. அது உடலில் சிதைந்து உண்டாகும் பொருள்கள், நொதி செயல்படும் இடத்திலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை. கட்டு அவிழ்வதில்லை என்பதால், உடல் புதிய நொதியை உண்டாக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் கடைசி மாத்திரை விழுங்கி ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் வரைகூட அதன் பிடி நீடிக்கிறது. இந்த இரண்டு வாரக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக் கட்டுண்டிருப்பவர் குடித்தால், சாதாரணமாக இருப்பதைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு அசிட்டால்டிஹைடு இரத்தத்தில் சேரும். பத்து நிமிடம் முதல் அரை மணிக்குள் முகமும் கழுத்தும் மார்பும் சிவக்கும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் விழும். குடித்த அளவு கூடினால் இதயம் தாளம் தவறி உயிரே போகலாம்.

இம்மருந்தைக் கண்டுபிடித்த கதை சுவையானது. இது பிறந்த இடம் மருத்துவமனை அன்று, ரப்பர் ஆலை. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்துவதை விரைவாக்க, தயூரம் டைசல்ஃபைடு என்னும் இனத்துச் சேர்மங்களைச் சேர்ப்பார்கள். (நான் கல்லூரிக்கு வரும் வழியில் ஒரு டயர் ரீட்ரேடிங் பட்டறை இருக்கிறது. அந்தக் கந்தக நெடியைக் கடக்கும்போதெல்லாம் இந்தக் கதை நினைவுக்கு வரும்.) 1937இல் அமெரிக்க ஆலை ஒன்றின் மருத்துவரான வில்லியம்ஸ் என்பவர், அத்தகைய சேர்மத்தோடு புழங்கும் தொழிலாளர்கள் ஒரு கோப்பை பீர்கூடக் குடிக்க முடியாமல் துன்பப்படுவதைக் கண்டு மருத்துவ இதழுக்கு எழுதினார், குடி நோய்க்கு இதுவே மருந்தாகலாமோ என்றும் கேட்டார். அவர் பார்த்தது மெத்தில் தொகுதி கொண்ட சேர்மம்; அதில் மெத்திலை எடுத்துவிட்டு எத்திலை வைத்தால் அதுவே நமது டைசல்ஃபிராம். அதே 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள்தான் நம் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி அரசு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. ஒருவர் கடையை அடைத்தார், மற்றவர் கல்லீரலை அடைக்கலாமா என்று கேட்டார். அவருடைய கேள்வியை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை.

விடை வந்தது டென்மார்க்கிலிருந்து, அதுவும் குடியைப் பற்றி எண்ணாதவர்களிடமிருந்து. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் கோபன்ஹேகன் நகரின் மெடிசினால்கோ மருந்து நிறுவனத்தில் எரிக் ஜேக்கப்சன், ஜென்ஸ் ஹால்ட் என்ற இருவர் டைசல்ஃபிராமைக் குடற்புழு மருந்தாக ஆராய்ந்துகொண்டிருந்தனர். புதிய மருந்துகளைத் தாமே விழுங்கிப் பார்க்கும் வழக்கம் அங்கே இருந்தது. அப்படி விழுங்குவோர் குழுவுக்கு வேடிக்கையாகச் 'சாவுப் பட்டாளம்' என்று பெயராம். மாத்திரையை விழுங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கொஞ்சம் மது அருந்தியதும் முகம் சிவந்து உடல் நலம் கெட்டது. இருவரும் தத்தம் அனுபவத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் காரணம் புலப்பட்டது. பிறகு மூச்சில் அசிட்டால்டிஹைடு இருப்பதையும் கண்டனர். மார்ட்டென்சன்-லார்சன் என்னும் மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948 டிசம்பரில் 'லான்செட்' இதழில் செய்தி வெளியாயிற்று. 'ஆன்டபியூஸ்' என்ற பெயரில் மாத்திரை உலகெங்கும் பரவியது. 1951இல் அமெரிக்காவும் ஏற்றது.

தொடக்க காலத்தில் மருத்துவர்கள் பெரிய அளவில் மருந்தைக் கொடுத்து, மருத்துவமனையிலேயே நோயாளிக்குக் கொஞ்சம் மதுவும் ஊற்றி, வரப்போகும் துன்பத்தை நேரில் காட்டினார்கள். சிலர் இறந்தனர். அதன் பிறகு அளவு குறைந்தது. இன்று வழக்கமாக நாளொன்றுக்கு 250 மில்லிகிராம். மதுவை ஊற்றிக் காட்டுவது நின்று, வாயால் எடுத்துச் சொல்வது வந்தது. சொன்னாலே போதும் என்று தெரிந்தது ஒரு பெரிய பாடம் என்பேன்.

இயற்கையும் இதே வேலையைச் செய்திருக்கிறது. சீனர், ஜப்பானியர், கொரியர் ஆகியோரில் மூவரில் ஒருவருக்கு மேல் இந்த இரண்டாம் நொதி பிறவியிலேயே வலுவற்றது. ஒரு வாய் மது அருந்தினால் முகம் சிவந்துவிடும். பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மரபணுவைப் பெற்றவர்கள் குடிக்கு அடிமையாவது மிக அரிது. ஒற்றையாகப் பெற்றவர்களோ சிவந்த முகத்தோடு பழகிக் குடிக்கிறார்கள். அவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் அதிகம். ஐரோப்பாவில் முளைக்கும் ஒருவகை மைக்காளானும் இதே குணம் உடையது. சமைத்துத் தின்றால் ஒன்றும் ஆகாது. கூடவே மது அருந்தினால் தொல்லைதான்.

இனி என் வீட்டுக் கதை. என் தந்தை மண்டியில் மூட்டை தூக்குபவர். உடல்வலிக்கு என்று தொடங்கிய குடி, கூலியில் பாதியைத் தின்றது. 2022ஆம் ஆண்டின் கடைசியில், நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, தெரிந்தவர் ஒருவர் மூலம் அம்மா ஒரு மாத்திரை அட்டை வாங்கி வந்தார். மருத்துவர் சீட்டு இல்லாமலே ஏதோ ஒரு கடையில் கிடைத்தது. "சோத்துல கலந்து குடுத்தா குடியையே வெறுத்துருவாங்களாம். இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுப்பா" என்றார். எங்கள் வீட்டில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவனே. "டைசல்ஃபிராம், இருநூத்தம்பது மில்லிகிராம்" என்று படித்தேன். கீழே பொடி எழுத்தில் எச்சரிக்கை இருந்தது. மருத்துவர் சீட்டின்பேரில்தான் விற்க வேண்டும் என்பது வரை புரிந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கும் அப்பாவின் குடி நின்றால் போதும் என்றிருந்தது.

அம்மா இரண்டு மாத்திரைகளைப் பொடித்து மோர்க்குழம்பில் கலந்தார். மறுநாளும் கலந்தார். அன்று மாலை அப்பா வழக்கம்போல் ஒரு குவார்ட்டர் குடித்துவிட்டு வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணும் மார்பும் இரத்தச் சிவப்பு. நெஞ்சு துடிப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. வாந்தி எடுத்துக்கொண்டே சாய்ந்தார். 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். "என்ன சாப்பிட்டார்? என்ன குடித்தார்?" என்று மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா வாய் திறக்கவில்லை. கள்ளச்சாராயமோ என்று அவர் ஐயுற்றுச் சோதனைக்கு எழுதத் தொடங்கியபோது நான் மாத்திரையின் பெயரைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை; எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான். குளுக்கோஸ் ஏற்றி, பிராணவாயு வைத்து, மூன்று நாளில் அனுப்பினார்கள்.

அப்பா குடியை வெறுக்கவில்லை. அவர் வெறுத்தது வீட்டுச் சாப்பாட்டை. ஏறக்குறைய எட்டு மாதம் அவர் அம்மா கையால் ஒரு வாய் சோறு உண்ணவில்லை. கடையில் இட்லி வாங்கித் தின்றுவிட்டு அங்கேயே குடித்துவிட்டு வருவார். தண்ணீரைக்கூடத் தாமே குழாயில் பிடித்துக் குடிப்பார். மூட்டை தூக்கும் தெம்பு குறைந்தது. நான் தேர்வு எழுதியபின் ஓராண்டு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்ததும், என் வகுப்பில் மற்றவர்களைவிட ஒரு வயது கூடுதலாக இருப்பதும் இதனால்தான்.

இதில் வேதியியல் எங்கே தவறியது? எங்குமே தவறவில்லை. நொதி கட்டுண்டது, அசிட்டால்டிஹைடு சேர்ந்தது, பாடத்தில் உள்ளபடியே எல்லாம் நடந்தது. ஆனால் டைசல்ஃபிராம் குடி ஆசையைக் குறைக்கும் மருந்தன்று. குடித்தால் இன்னது நேரும் என்று தெரிந்தவருக்கு அது ஒரு வேலி. தெரியாதவருக்கு அதே பொருள் நஞ்சு. வேலி இருக்கிறது என்று சொல்லாமல் இருட்டில் கம்பி கட்டிவைத்தால் அதற்கு வேறு பெயர். 'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம். நிறம், மணம், சுவை அற்றது' என்று அச்சிட்ட துண்டறிக்கைகளைப் பேருந்து நிலையங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வாங்குபவர்களோ என் அம்மாவைப் போன்றவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அட்டையைப் படித்தவன் நான்.

இதே கருத்துக்கு ஆராய்ச்சியிலும் சான்று உண்டு. 1986இல் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 605 ஆண்களை வைத்து நடத்திய ஆய்வு வெளியாயிற்று. ஒரு பிரிவுக்கு 250 மில்லிகிராம். ஒரு பிரிவுக்குப் பேருக்கு 1 மில்லிகிராம். மூன்றாம் பிரிவுக்கு டைசல்ஃபிராம் இல்லை என்று சொல்லியே வைட்டமின். ஓராண்டு முடிவில், அறவே குடிக்காமல் இருந்தவர்கள் விகிதத்தில் மூன்று பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அப்படியானால் மருந்து பயனற்றதா என்றால், அவசரப்பட வேண்டாம். இடையில் குடித்துவிட்டவர்களில், முழு அளவு மாத்திரை பெற்றவர்கள் குடித்த நாள்கள் குறைவாக இருந்தன. மேலும் ஐவரில் ஒருவரே மாத்திரையை ஒழுங்காக விழுங்கியிருந்தார். எந்தப் பிரிவானாலும் அப்படி ஒழுங்காக விழுங்கியவர்களே குடிக்காமல் இருந்தவர்களில் மிகுந்திருந்தனர்.

எனக்கு இதில் வேறொன்றும் தோன்றுகிறது. வேறு மருந்துகளைச் சோதிக்கையில் எது மருந்து, எது வெறும் மாத்திரை என்று நோயாளியிடம் மறைப்பார்கள். இங்கே 1 மில்லிகிராம் விழுங்கியவருக்கும் அச்சம் அதே அச்சம்தானே! அச்சமே மருந்தாகும்போது மறைத்துச் சோதிப்பது எப்படி? இதனால்தான், மறைக்காமல் செய்த ஆய்வுகளில் இம்மருந்து பயன் தருவதாகவும், மறைத்துச் செய்தவற்றில் பயன் தெரியாமலும் போகிறது என்று பின்னால் வந்த ஆய்வாளர்களும் கூறியிருக்கிறார்கள். நாள்தோறும் ஒருவர் கண்முன் மாத்திரையை விழுங்கும் முறையில் பலன் கூடுதல் என்பதும் அவர்கள் கண்டதே.

சென்ற ஆண்டு அப்பா தாமாகவே மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வந்தார். உடன் மூட்டை தூக்கிய நண்பர் ஒருவர் கல்லீரல் கெட்டு இறந்த பத்தாம் நாள் அது. மருத்துவர் முதலில் வேறு மருந்துகளால் நடுக்கத்தைத் தணித்தார். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று ஆசையைக் குறைக்கும் மருந்துகளும் இன்று உள்ளன. யாருக்கு எது என்பது அவர்கள் முடிவு. அப்பாவுக்குக் கல்லீரல், இதயச் சோதனைகளைப் பார்த்தபின் டைசல்ஃபிராம் என்றார். பெயரைக் கேட்டதும் அப்பா எழுந்துவிட்டார். மருத்துவர் அவரை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்; இதய நோய், மனச்சிதைவு உள்ளவர்களுக்கு ஆகாது; கண் மஞ்சளித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும். மது என்றால் புட்டி மட்டும் அன்று. சில இருமல் மருந்துகளிலும், நாட்டு மருந்துக் கடை அரிஷ்டத்திலும் ஆல்கஹால் உண்டு என்றார். வலிக்கு அரிஷ்டம் குடிக்கும் வழக்கம் அப்பாவுக்கு இருந்தது. அதை வீட்டில் எங்களில் யாரும் நினைத்துப் பார்த்ததே இல்லை. எல்லாம் கேட்டபின் சம்மதப் படிவத்தில் அப்பா கையெழுத்திட்டார். அவருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நான் வரிவரியாகப் படித்துக் காட்டினேன்.

இப்போது காலை ஆறரை மணிக்கு அம்மா அட்டையைக் கொண்டுவந்து அப்பா முன் வைப்பார். அப்பாவே ஒன்றைப் பிரித்து, பெயரை என்னிடம் காட்டிவிட்டு விழுங்குவார். அம்மா கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். முதல் தடவை ஐந்து மாதம் நன்றாகப் போயிற்று. ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போனவர், அட்டையை மறந்துவிட்டேன் என்றார். இரண்டு வாரம் கழித்துக் குடித்துவிட்டு வந்தார். மருத்துவர் திட்டவில்லை, மறுபடி தொடங்கலாம் என்றார். தொடங்கினோம்.

சில வாரங்களுக்கு முன் நான் இந்தக் கட்டுரைக்காக ஏணிப்படம் வரைந்துகொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இது என்ன என்று கேட்டார். மூன்று படியையும் விளக்கினேன். நடுப்படியைத் தொட்டு, "அன்னைக்கு நான் இங்கதான் நின்னேனா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இத நிறுத்துனா எத்தன நாள்ல உடம்ப விட்டுப் போகும்?" என்று கேட்டார். அடுக்களையில் அம்மா பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. ஒரு மாதம் என்று சொல்லலாம். அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"பதினாலு நாள் வரைக்கும் இருக்கும்ப்பா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலை ஆறரை மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் மண்டிக்குப் போனார். இதை எழுதி முடிக்கும் இன்று 73ஆம் நாள்.